200 மணி சிபிஎல், சொந்தச் செலவில் ஏ320 டைப் ரேட்டிங்: வேலைக்கு உதவுமா?

காவிரிக்கரை
வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன். சிபிஎல் (வணிக விமானி உரிமம்) கைக்கு வந்துவிட்டது. மொத்தம் 210 மணி, மல்டி-இன்ஜின் ஐஆர் (கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதி) உண்டு. ஆர்டிஆர் (ரேடியோ இயக்க உரிமம்), கிளாஸ் 1 மெடிக்கல் இரண்டும் நடப்பில் இருக்கின்றன. ஒரு பயிற்சி மையத்தில் ஏ320 டைப் ரேட்டிங்குக்கு (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதிக்கு) 20 லட்சம் கேட்கிறார்கள். "ரேட்டிங் போட்டவனைத்தான் ஏர்லைன் முதலில் கூப்பிடும், வெறும் சிபிஎல் வைத்திருப்பவன் வரிசையில் கிடப்பான்" என்கிறார்கள். ஏற்கெனவே படிப்புக் கடன் இருக்கிறது, இதற்கும் கடன்தான் வாங்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இடது_இருக்கை
சகோதரி, பணம் கட்டும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏர்லைன் விளம்பரத்தில் "டைப் ரேட்டட் ஃபர்ஸ்ட் ஆபிசர்" என்று வந்தால் அந்த வரியோடு நிறுத்தாமல் கீழே முழுக்கப் படியுங்கள். பெரும்பாலும் அந்த ரக விமானத்திலேயே சில நூறு மணி பறந்திருக்க வேண்டும் என்று இருக்கும். கூடவே நடப்பில் உள்ள பிபிசி (விமானியின் திறன் பரிசோதனை), ஐஆர், சமீபத்தில் பறந்ததற்கான பதிவு எல்லாம் கேட்பார்கள். சிமுலேட்டரில் ரேட்டிங் முடித்து, லாக்புக்கில் ஏ320 பத்தியில் பூஜ்யம் வைத்திருப்பவர் அந்த விளம்பரத்துக்குப் பொருந்த மாட்டார். அவர் நிற்பது புதியவர்களின் வரிசையில்தான். அங்கே எழுத்துத் தேர்வு, சைக்கோமெட்ரிக், சிம் சோதனை, நேர்காணல் எல்லாம் ரேட்டிங் இல்லாதவருக்கு எப்படியோ அப்படியே இவருக்கும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு நிறுவனம் நின்றுபோனால் அதன் விமானிகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்துவிடுகிறார்கள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது 737 அனுபவக்காரர்கள் வந்தார்கள். 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது ஏ320 அனுபவக்காரர்கள் வந்தார்கள். ஆயிரம், இரண்டாயிரம் மணி ஏ320-இல் பறந்தவர் வெளியே நிற்கும் காலத்தில் பூஜ்ய மணி ரேட்டிங்குக்கு எந்த முன்னுரிமையும் கிடைக்காது.

வெண்முகில்
பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரேட்டிங்கால் பயனே இல்லை என்ற முடிவுக்குப் போக வேண்டாம். ஏர்லைன் வேகமாக வளரும்போது அதன் கழுத்தைப் பிடிப்பது சிமுலேட்டர் நேரம். இருக்கிற சிம்கள் இரவு பகலாக ஓடும். அதில் பழைய விமானிகளின் ஆறுமாதப் பரிசோதனையும் நடக்கும், கமாண்ட் அப்கிரேடும் நடக்கும். ரேட்டிங் உள்ளவரை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம் மிச்சம். சில நாள் எஸ்ஓபி (நிறுவனத்தின் இயக்க நடைமுறை) பழக்கும் சிம், பிறகு லைன் பயிற்சி (பயணிகள் விமானத்திலேயே நடக்கும் பயிற்சி). அப்படிப்பட்ட காலத்தில் "புதியவர், ஆனால் ரேட்டிங் உண்டு" என்று தனியாகக் கூப்பிட்டு எடுத்திருக்கிறார்கள். புது விமான ஆர்டர்கள் குவிந்து கிடக்கின்றன. 2025 நவம்பர் 1 முதல் எஃப்டிடிஎல் (விமானிகளின் பணிநேர வரம்பு விதி) இரண்டாம் கட்டமும் வந்தது. அதே திருத்தத்தில் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. ஒரே அட்டவணையை ஓட்ட முன்பைவிட அதிகம் பேர் தேவை.

இடது_இருக்கை
அந்தத் தேவையில் பெரும்பகுதி கேப்டன்களுக்கானது. வலது இருக்கையில் புதியவரை உட்கார வைக்க, இடது இருக்கையில் பயிற்சி கொடுக்கும் கேப்டன் வேண்டும். ட்ரெய்னர்கள் எத்தனை பேரோ அதற்குமேல் எஸ்எல்எஃப் (மேற்பார்வையோடு கூடிய லைன் பயிற்சி) நடத்த முடியாது. ரேட்டிங் போட்டவர்கள் வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் அந்த அடைப்பு திறக்காது. இதை எந்தப் பயிற்சி மையமும் உங்களிடம் சொல்லாது.

சிம்_அறை
வேலைவாய்ப்பை ஒரு பக்கம் வையுங்கள். 20 லட்சத்துக்கு அந்தப் பையன் உண்மையில் என்ன வாங்குகிறான் என்பதைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு மூன்று வாரம் தரைவகுப்பு: சிஸ்டம்ஸ், பர்ஃபார்மன்ஸ், தேர்வு. அடுத்து எஃப்டிடி என்ற அசையாத சாதனத்தில் பேனல் ஸ்கேன், எஃப்எம்ஜிஎஸ் (பயணத்தை வழிநடத்தும் கணினி) நிரப்புதல், செக்லிஸ்ட் ஓட்டம். அதன் பிறகே முழு அசைவுள்ள லெவல் டி (உச்சத் தர) சிம். ஒரு அமர்வு 4 மணி. இருவர் ஜோடியாக உட்காருவார்கள். 2 மணி ஒருவர் ஓட்டுவார், 2 மணி மற்றவர். பத்து அமர்வு என்றால் கையில் பிடித்து ஓட்டுவது 20 மணிதான். கடைசியில் எக்ஸாமினரோடு ஸ்கில் டெஸ்ட்.

200 மணி விமானி எங்கே தடுமாறுகிறான்? செஸ்னா 172-இல் 65 நாட்டில் அப்ரோச் வந்தவன், இங்கே 135, 140 நாட்டில் வருகிறான். 3 டிகிரி சரிவுக்குத் தரைவேகத்தை ஐந்தால் பெருக்கு: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. இறக்கத்துக்கு உயரத்தை ஆயிரம் அடிக் கணக்கில் மூன்றால் பெருக்கு: 10,000 அடி இழக்க 30 மைல், வேகத்தைக் குறைக்கத் தனியாகக் கொஞ்சம். சமதளத்தில் 10 நாட் குறைய ஏறத்தாழ ஒரு மைல் போகும். இதெல்லாம் மனதில் ஓடாவிட்டால் உயரமாகவும் வேகமாகவும் வந்து, 1000 அடியில் அப்ரோச் நிலைப்படாமல் கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலேறுவது) போக வேண்டியதுதான். முதல் நான்கு அமர்வுகளில் இதுவே பெரும் பிரச்சினை.

அடுத்தது வி1 கட். வி1 (இனி டேக்-ஆஃபை நிறுத்தக் கூடாத வேகம்) தாண்டியதும் ஒரு இன்ஜின் போகும். கால் ரட்டரில் சென்டர்லைனைப் பிடிக்க வேண்டும், விஆரில் (மூக்கைத் தூக்கும் வேகத்தில்) நிதானமாக 12.5 டிகிரிக்குத் தூக்க வேண்டும், கியர் மேலே, நீல பீட்டா டார்கெட்டை (திரையில் பக்கவாட்டு நழுவலைக் காட்டும் குறியை) ரட்டரால் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். 400 அடி வரை வேறு எதையும் தொடக் கூடாது. அனுபவம் குறைந்தவன் காலை மறந்து சைட்ஸ்டிக்கால் இறக்கையைச் சமன்செய்யப் பார்ப்பான். ஸ்பாய்லர் எழும், இழுவை கூடும், ஏறும் வீதம் சாகும். ஃப்ளை-பை-வயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடையும்.

மூன்றாவது, எஃப்எம்ஏ (நடப்பு மோடைக் காட்டும் திரை வரி). எந்த மோடில் இருக்கிறோம் என்று வாய்விட்டுப் படிக்காமல் நாப் திருகுவது. சொன்ன உயரத்தில் விமானம் நிற்காமல் போனதற்குக் காரணம் கேட்டால் பதில் வராது. பார்த்தால் ஓப்பன் டிசென்ட் (தேர்ந்த உயரம் வரை இறங்கும் மோடு), எஃப்சியு-வில் (உயரம், வேகம் தேர்வு செய்யும் பலகையில்) உயரம் தவறு. இதற்குத் திறமை வேண்டாம், பழக்கம் வேண்டும். வீட்டில் காக்பிட் படத்தை ஒட்டி ஃப்ளோ பழகாமல் சிம்முக்கு வருகிறவன், மணிக்கு ஆயிரக்கணக்கில் கட்டி பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பான்.

காவிரிக்கரை
இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. அப்படியானால் ரேட்டிங் முடித்தவன் நேர்காணல் சிம்மில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்வான் இல்லையா? அதுவே ஒரு லாபம்தானே?

சிம்_அறை
ஆறு மாதத்துக்குள் என்றால் நிச்சயம் செய்வான். ஒன்றரை வருடம் கழித்து என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. கைப்பழக்கமும் ஸ்கேனும்தான் முதலில் மங்கும். புத்தக அறிவு தங்கும். அந்த லாபத்தை 20 லட்சம் கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஜெட் ஓரியன்டேஷன் கோர்ஸ் (ஜேஓசி), எம்சிசி (விமானிகள் குழுவாக இயங்கப் பழகும் பயிற்சி) இரண்டும் அதைத்தான் செய்கின்றன.

ஐரோப்பிய விதியில் எம்சிசி என்றால் 25 மணி வகுப்பு, 20 மணி சிம். ஏபிஎஸ் எம்சிசி என்ற விரிவான வடிவத்தில் சிம் 40 மணி. அங்கே ரேட்டிங் வாங்கிவிட்டு வா என்பதைவிட ஏபிஎஸ் எம்சிசியில் எப்படிச் செய்தான் என்று பார்ப்பது பல நிறுவனங்களின் வழக்கம். நம் ஊரில் ஜேஓசி கட்டாயமில்லை. உள்ளடக்கமும் மையத்துக்கு மையம் மாறும். சான்றிதழுக்காக அதைச் செய்வது வீண். தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு, நாலைந்து அமர்வு, அந்த நிறுவனம் சோதிக்கும் சிம் எதுவோ அதற்கு நெருக்கமான சாதனத்தில் எடுத்தால் பயன்.

சிம் சோதனையில் பெரும்பாலும் வருவது: டேக்-ஆஃப், ஏற்றம், 45 டிகிரி சாய்வில் ஸ்டீப் டர்ன், ஹோல்டிங் நுழைவு, ஆட்டோபைலட்டும் ஃப்ளைட் டைரக்டரும் (திரையில் வழிகாட்டும் கோடுகள்) இல்லாத ரா டேட்டா ஐஎல்எஸ் (ரேடியோ சமிக்ஞையைப் பின்பற்றி இறங்குவது), கோ-அரவுண்ட். உயரம் 100 அடிக்குள், திசை 5 டிகிரிக்குள், லோக்கலைசரும் (ஓடுபாதையின் நேர்கோடு) க்ளைடும் (இறங்கும் சரிவு) அரை ஸ்கேலுக்குள் வைத்துப் பழகினால் நல்லது. அதைவிட முக்கியம், விலகியதை அவனே கவனித்து, வாய்விட்டுச் சொல்லி, சின்னச் சின்னத் திருத்தமாகத் திரும்புகிறானா என்பது. பரிசோதகர் எழுதிக்கொள்வது அதைத்தான்.

கணக்கு_நோட்டு
பணப் பக்கம் நான் சொல்கிறேன். 20 லட்சம், 11 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ ₹34,250. மொத்தம் திருப்பிக் கட்டுவது 28 லட்சத்து 77 ஆயிரம். இது சிபிஎல் கடனுக்கு மேலே.

அதோடு முடியாது. பிபிசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஐஆர் பரிசோதனை வருடத்துக்கு ஒரு முறை. வேலை கிடைக்காமல் ஒரு வருடம் போனால் ரேட்டிங்கை நடப்பில் வைக்கச் சொந்தச் செலவில் சிம் வாடகை, பயிற்றுநர் கட்டணம், எக்ஸாமினர் கட்டணம், எதிர் இருக்கையில் உட்கார ஒரு ஆள். நடப்பில் இல்லாத ரேட்டிங் உரிமத்தில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். அதைக் காட்டி "ரேட்டட்" என்று விண்ணப்பித்தால் முதல் வடிகட்டலிலேயே போய்விடும். 15-இலிருந்து 25 லட்சம் வரை மையத்துக்கு மையம் விலை மாறுவதற்கும் காரணம் கேளுங்கள்: பேஸ் ட்ரெயினிங் சேர்த்தா, ஜிஎஸ்டி சேர்த்தா, ஸ்கில் டெஸ்ட் கட்டணம் சேர்த்தா, தோற்றால் மறுஅமர்வு யார் செலவு.

இடது_இருக்கை
> பேஸ் ட்ரெயினிங் சேர்த்தா

இதை அடிக்கோடிட்டுக் கேளுங்கள். நிஜ விமானத்தில் பயணிகள் இல்லாமல் வட்டமடித்து இறங்கி ஏறுவதுதான் பேஸ் ட்ரெயினிங். ஐரோப்பாவில் ஜெட் அனுபவம் இல்லாதவருக்குப் பொதுவாக 6 லேண்டிங். அனுபவம் உள்ளவர்கள் இதை லெவல் டி சிம்மிலேயே முடிக்கலாம். 200 மணிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. பயிற்சி மையத்திடம் சிம் இருக்கும், ஏ320 இருக்காது. ஒரு ஏர்லைன் விமானத்தை ஒதுக்கித் தந்தால்தான் நடக்கும். ஆகவே "20 லட்சத்தில் ரேட்டிங்" என்பது பல நேரம் ஸ்கில் டெஸ்ட்டோடு நிற்கும். உரிமத்தில் எது, எப்போது, எந்த ஆவணத்தின் பேரில் ஏறும் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய் கட்டக் கூடாது.

அட்லாண்டிக்_அப்பால்
அமெரிக்காவில் போய் ஜெட் ரேட்டிங் போடுவது பற்றியும் சிலர் கேட்கிறார்கள், அதனால் சுருக்கமாக. அங்கே 2013 ஆகஸ்டிலிருந்து ஏர்லைன் ஃபர்ஸ்ட் ஆபிசருக்கே ஏடிபி (ஏர்லைன் விமானிக்கான உயர் உரிமம்) வேண்டும்: 1500 மணி. அங்கீகரிக்கப்பட்ட விமானப் பட்டப்படிப்பு என்றால் 1000, இரண்டாண்டுப் படிப்பு என்றால் 1250, ராணுவ விமானி என்றால் 750. 250 மணியில் சைட்டேஷன் (சிறிய ஜெட்) ரேட்டிங்கோ 737 ரேட்டிங்கோ வாங்கி வைத்தாலும் சட்டம் இருக்கையைத் தராது. ஏடிபி தேர்வெழுதும் முன் 30 மணி வகுப்பு, 10 மணி சிம் கொண்ட ஏடிபி-சிடிபி என்ற தயாரிப்புப் பயிற்சி வேறு கட்டாயம். அதையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட ஏர்லைனே நடத்திவிடும்.

2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் 3407 பயணிகள் விமானத்துக்குப் பிறகு வந்த விதி அது. அந்த கேப்டனுக்கு 3379 மணி, ஃபர்ஸ்ட் ஆபிசருக்கு 2244 மணி இருந்தது என்பதால் மணிக்கணக்கு சரியான மருந்தா என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. வேலை தேடுகிறவருக்கு அந்த விவாதம் உதவாது. அங்கே மணி சேர்க்க இன்ஸ்ட்ரக்டர் வேலைதான் வழி, அதற்கு வேலை செய்யும் உரிமை வேண்டும். இங்கிருந்து மாணவர் விசாவில் போகிறவர் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

காவிரிக்கரை
இன்னொரு மையம் "ரேட்டிங்கோடு 300 மணி லைன் ட்ரெயினிங்கும் வெளிநாட்டு ஏர்லைனில் ஏற்பாடு செய்கிறோம்" என்றார்கள். தொகை இரட்டிப்பு. பூஜ்ய மணி பிரச்சினை தீர்ந்துவிடும் இல்லையா?

இடது_இருக்கை
வேண்டாம், சகோதரி. பயணிகள் கட்டணம் செலுத்தி ஏறும் விமானத்தில், சம்பளம் வாங்க வேண்டிய ஃபர்ஸ்ட் ஆபிசர் தானே பணம் கட்டி உட்காருகிறார் என்பதுதான் அதன் பொருள். ஐரோப்பிய விமானிகள் கூட்டமைப்பான ஈசிஏ இதை வெளிப்படையாக எதிர்த்து வருகிறது. காரணம் பாதுகாப்பு. கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளரைப் பயிற்றுநர் தோற்கடிக்கத் தயங்குவார். உடல் சரியில்லை, களைப்பாக இருக்கிறது என்று சொல்ல அந்த இளைஞனும் தயங்குவான்.

வேலைக்கும் அது பெரிதாக உதவாது. 300 மணி முடிந்ததும் அடுத்து பணம் கட்டியவருக்கு இருக்கை போய்விடும். திரும்பி வந்தால் விளம்பரத்தில் 500 கேட்டிருப்பார்கள். நேர்காணலில் "ஏன் 300-இல் நிறுத்தினாய்" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

வெண்முகில்
இதில் இடது_இருக்கையோடு முழுக்க உடன்படுகிறேன். என் நிலையைத் தெளிவாக்குகிறேன்: ஏர்லைன் தேர்வு செய்து, நிபந்தனையோடு கூடிய ஆஃபர் கடிதம் கையில் கொடுத்து, "ரேட்டிங் செலவு உன்னுடையது, இந்த மையத்தில் செய், முடித்ததும் இந்தத் தேதியில் சேர்" என்றால் கடன் வாங்கியாவது செய்வது சரி. நம் நாட்டில் புதியவர்களில் பலர் சேர்வது இப்படித்தான். கேடட் திட்டத்தில் ஒரு கோடியைச் சுற்றி வரும் மொத்தச் செலவிலும் ரேட்டிங் உள்ளடங்கியிருக்கும். வேலையை நோக்கி ரேட்டிங் போவது வேறு, ரேட்டிங்கை வைத்து வேலை தேடுவது வேறு.

கடிதத்தில் கவனிக்க: சேரும் தேதி இருக்கிறதா, நிறுவனம் தள்ளிப்போட்டால் ரேட்டிங் காலாவதியைத் தடுக்கும் சிம் செலவு யாருடையது, பாண்ட் (இடையில் விலகக் கூடாத ஒப்பந்தம்) எத்தனை வருடம், சம்பளம் எந்த நாளிலிருந்து. ஃபர்ஸ்ட் ஆபிசருக்கு நோட்டீஸ் காலம் 6 மாதம், கமாண்டருக்கு 12 மாதம் என்று டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம்) 2017-இல் விதித்தது. பாண்ட் அதற்கு மேலே தனியாக வரும்.

புரொபெல்லர்
எல்லோரும் ஏ320-ஐயே பேசுகிறீர்கள். எந்த ரகம் என்பதே சூதாட்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இண்டிகோவில் ஏ320 குடும்பமும் ஏடிஆரும் (புரொபெல்லர் விமானம்), ஆகாசாவில் 737 மேக்ஸ் மட்டும், அலையன்ஸ் ஏரிலும் ஃப்ளை91-இலும் ஏடிஆர். ஏ320 போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது 737 நிறுவனமோ ஏடிஆர் நிறுவனமோ ஆள் எடுத்தால் அந்த 20 லட்சத்துக்கு மதிப்பே இல்லை. ஏடிஆர் வாய்ப்பு வந்தால் புதியவர் தயங்கவே கூடாது. ஜெட் இல்லை என்று தள்ளிவிடும் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. குறுகிய ஓடுபாதை, ஒரு நாளில் பல செக்டர், மழைக்கால அப்ரோச்சுகள் எல்லாம் கைக்கு வரும். மல்டி-க்ரூ மணி மல்டி-க்ரூ மணிதான்.

காவிரிக்கரை
தெளிவாகிவிட்டது. ரேட்டிங் பணத்தைக் கட்டவில்லை. கடைசியாக ஒன்று: அழைப்பு வரும்வரை தம்பி என்ன செய்ய வேண்டும்? வீட்டில் சும்மா இருந்தால் 210 மணியும் துருப்பிடித்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

சிம்_அறை
அந்தப் பயம் சரியானது. மல்டி-இன்ஜின், ஐஆர் பரிசோதனைகள் காலாவதியாக விடக் கூடாது. அழைப்பு வந்த பிறகு ஓடினால் விமானமும் எக்ஸாமினரும் ஒரே வாரத்தில் கிடைக்க மாட்டார்கள். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே நாள் குறிக்கட்டும். கிளாஸ் 1 நாற்பது வயதுக்குக் கீழே 12 மாதம், அதற்கும் அப்படியே.

டிஜிசிஏ ஏடிபிஎல் (ஏர்லைன் விமானி உரிமம்) தாள்களை இப்போதே எழுதலாம். ஏர்லைன் எழுத்துத் தேர்வின் தரம் கிட்டத்தட்ட அதுதான், படித்தது இரண்டுக்கும் ஆகும். முடிந்தால் உதவிப் பயிற்றுநர் ரேட்டிங், ஏஎஃப்ஐஆர். பயிற்சிப் பள்ளிகளில் ஆள் தேவை உண்டு, பணம் கட்டாமல் மணி சேரும். மாணவனுக்கு அப்ரோச் சொல்லிக்கொடுப்பவனின் ஸ்கேன் மங்காது.

வீட்டுக் கணினியில் எக்ஸ்-பிளேன் போன்ற ஒன்றும், ஒரு ஜாய்ஸ்டிக்கும் போதும். ஆட்டோபைலட் இல்லாமல், ஃப்ளைட் டைரக்டர் அணைத்து, வாரம் மூன்று நாள் ரா டேட்டா ஐஎல்எஸ், ஹோல்டிங், கோ-அரவுண்ட். ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கால்-அவுட் சொல்லி ஓட்டட்டும். ஏர்பஸ்ஸில் ஓடுபாதையில் சொல்வது "100 நாட்ஸ்", போயிங்கில் "80 நாட்ஸ்". எந்த நிறுவனம் கூப்பிடுகிறதோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கு_நோட்டு
அந்த 20 லட்சக் கடனுக்கு வங்கி ஒப்புதல் வாங்கி வைத்திருந்தால் ரத்து செய்ய வேண்டாம். அந்த ஒப்புதல் எத்தனை மாதம் செல்லும், பணத்தைப் பயிற்சி மையத்துக்குத் தவணையாக விடுவிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஆஃபர் கடிதம் வந்தால் பல நேரம் இரண்டு வாரத்துக்குள் முதல் தவணை கட்டச் சொல்வார்கள், அப்போது தேவைப்படும்.